புடவைக்கு வைத்தது போக

கண்ணில் பட்ட நல்ல பெயர்களையெல்லாம் புடவைகளுக்கு வைத்துத் தீர்த்த ஒருவன், தனக்கு ஒரு பெண் பிறந்தால் அவளுக்கு எதை வைப்பான்? முசரவாக்கத்து வசந்தின் முப்பத்து மூன்று வருட வாழ்க்கையில் கேட்கத் தகுந்த கேள்வி இது ஒன்றுதான்.

அப்பா பழனி நெல் விளைவித்தார். மகன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, படித்தவனுக்கு வயல் ஆகாது என்று தானே முடிவு செய்துகொண்டு, காந்தி ரோட்டில் மயில்வாகனம் என்பவரின் பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். புடவைகளைப் படம் எடுத்துக் கடையின் வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும். முதல் மூன்று மாதம் ஒவ்வொன்றுக்கும் வெறும் எண்தான் போட்டான். ஒருநாள் பொழுது போகாமல் மாம்பழ மஞ்சள் புடவை ஒன்றின் கீழே ‘மகிழினி’ என்று எழுதி வைத்தான். மதியத்துக்குள் அது விற்றுவிட்டது. இனி எல்லாப் புடவைக்கும் பெண் பெயர்தான் என்று மயில்வாகனம் உத்தரவு போட்டார். பெரிய கண்டுபிடிப்பு செய்தவர்கள்போல அன்று இருவரும் காபி வாங்கிக் குடித்தார்களாம்.

அதற்குப் பிறகு ஏழு வருடம். அகராதியிலிருந்தும் கல்வெட்டுப் புத்தகங்களிலிருந்தும் பெயர்களைப் பொறுக்கினான். கார்குழலி, நிறைமொழி, பனிமலர். ‘தண்மதி உங்கள் தோளில் சாயக் காத்திருக்கிறாள்’ என்று கீழே ஒரு வரியும் சேர்ப்பான். அதை எழுதும்போது கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. யாழினி என்ற பெயரை மட்டும் எந்தப் புடவைக்கும் வைக்கவில்லை.

“தெருவுக்கு நாலு யாழினி இருக்குது மொதலாளி. பட்டுக்கு அது கேவலம்” என்றான்.

பெயரில் கைதேர்ந்தவன் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சானது. குழந்தை பிறந்த வீடுகளிலிருந்து அவனைத் தேடி வந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றையேதான்: யாழினி மாதிரி இருக்க வேண்டும், ஆனால் யாழினியாக இருக்கக் கூடாது. ஐயம்பேட்டையில் ஒரு வீட்டுக்குத் தண்மதியைக் கொடுத்தான். அடுத்த வருடம் அதே தெருவில் மூன்று தண்மதிகள். ஒரு கடையில் ஒரு கரை விற்றால் அடுத்த வாரமே பக்கத்துக் கடையில் அது தொங்கும் ஊரில் வேறென்ன நடக்கும்? யாரிடமும் இல்லாதது வேண்டும் என்கிறவர்கள், அதை அடுத்த வீட்டில் பார்த்த பிறகுதான் கேட்க வருகிறார்கள்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜாஹிரும் ஒருமுறை கேட்டார். “எங்க தெருவுல ஷிஃபா மட்டும் மூணு பேருபா. உன் லிஸ்ட்ல வேற எதாச்சும் இருக்குதா?”

“நம்ம லிஸ்ட்ல இருக்கிறது எல்லாம் புடவைக்கு வெச்சது பாய்.”

“அப்ப வேணாம்பா. நான் பெத்தது பொண்ணு. மடிச்சு அலமாரியில வெக்கறதுக்கு இல்ல.”

மகளுக்கு ஷிஃபா என்றே வைத்து, நான்காவது ஷிஃபாவாக வளர்க்கிறார். இந்தக் கதையில் தெளிவாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பிறகு வசந்தின் மனைவி ரேவதிக்குத் தாய்வீடான தென்னேரியில் பெண் பிறந்தது. யாழினி என்று வைக்கலாமா என்றாள் ரேவதி.

“பால்வாடியில கூப்பிட்டா ஆறு பேரு திரும்பும்” என்றான் வசந்த். “நம்ம பொண்ணு மட்டும் திரும்புற மாதிரி ஒண்ணு கொண்டாறேன். முப்பதாம் நாள் பேரு வெக்கறதுக்குள்ள.”

ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ப் பெயர்களைச் சொன்னான். ரேவதி குழந்தையைத் தோளில் போட்டபடியே கடையின் வலைத்தளத்தில் தேடினாள்.

“கார்குழலி?”

“இருக்குது. அரக்குல பச்சைக் கரை.”

“நிறைமொழி?”

“ஸ்டாக் இல்லையாம்.”

“பனிமலர்?”

“ஆடித் தள்ளுபடியில போயிட்டா.” குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “இன்னும் யாரை யாரை வித்துட்டு வந்துக்கினு இருக்கீங்க?”

அவனாகவே எழுத்துகளைக் கோத்து யாத்விழி என்று ஒன்றைச் செய்தான். “காய்ச்சல் மாத்திரை மாதிரி இருக்குதுண்ணா” என்றாள் தங்கை சந்தியா.

நான்காவது ஞாயிறு, தென்னேரி ஏரிக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கியவன், கரையோரத் தண்ணீரில் பூத்திருந்த ஆம்பலைப் பார்த்தான். ஓடிப்போய்ச் சொன்னான். ரேவதி தேடினாள். கடையில் இல்லை. மெதுவாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். “நல்லா இருக்குதுங்க” என்றாள். அவன் தேடிக் கண்டுபிடித்ததில் உருப்படியானது அந்த ஒரு பெயர்தான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை முகூர்த்த சீசனுக்கு நாற்பது புதுப் புடவைகள் வந்தன. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். முப்பத்தோராவது புடவை வெள்ளை உடல், வெளிர் ரோஜாக் கரை. அவன் பார்த்தான், விரல்கள் எழுதின. ஏழு வருடப் பழக்கம்; விரல்களுக்கு மகள் கிடையாது. எழுதியது என்ன என்றுகூட அவனுக்கு அன்று உறைக்கவில்லை.

முப்பதாம் நாளுக்கு முந்திய சாயங்காலம் தென்னேரிக்குப் போனான். ரேவதி போனை நீட்டினாள். ‘ஆம்பல் உங்களுக்காகவே பூத்தவள்.’ கீழே, விற்றுவிட்டது என்று சிவப்பில்.

“இப்பவே எடுத்துடறேன்” என்றான்.

“இன்னாத்த எடுப்பீங்க? எவளோ கட்டிக்கினு கல்யாணத்துக்குப் போயிருப்பா.”

அவளே போனைத் திரும்ப வாங்கி, யாழினி என்று அடித்து, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அப்படி எதுவும் இல்லை என்று வந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் உறவினர்கள் கூடினார்கள். சந்தியா குழந்தையைத் தூக்கி வந்து அண்ணன் மடியில் வைத்தாள். அவன் குனிந்து, அதன் காதில் மூன்று தடவை சொன்னான். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. யாழினி.

“இன்னாண்ணா இது? ஊரெல்லாம் நீ திட்டிக்கினு இருந்த பேராச்சே” என்றாள் சந்தியா.

வசந்த் கல்கண்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அன்று கேட்டவர்கள் எல்லோருக்கும் கல்கண்டுதான் கிடைத்தது.