கம்பெனிச் செலவில் ஒரு தீபாவளி

தொண்ணூறுகளின் நடுவில், ஆக்லாந்து நகரத்து காப்புறுதிக் கம்பெனி ஒன்றின் ஆறாம் மாடியில், நான் ஒன்றரை மணி நேரம் இந்துப் பூசகராக இருந்திருக்கிறேன். இரவல் வேட்டி, நெற்றியில் விபூதி, முன்னால் குத்துவிளக்கு, சுற்றிவர ஐம்பது அறுபது வெள்ளைக்காரர். நானோ யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட். பூட்டனார் காலத்திலேயே எங்கள் குடும்பம் மிசனரிமாரிடம் ஆங்கிலத்தையும் ஞானஸ்நானத்தையும் ஒரே தவணையில் வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றுவதென்றால் மின்சாரம் போய்விட்டது என்று அர்த்தம்.

இதை இத்தனை காலம் வெளியே சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் மதம் அல்ல. வேட்டிதான். அது பாதியில் அவிழப் பார்த்தது.

கம்பெனிகள் இன சமத்துவத்துக்குச் செலவழிக்கிற காசு மனதார வருகிறதா, அதனால் ஏதும் பலன் உண்டா என்று இப்போதெல்லாம் படித்தவர்கள் கூடிக் கதைக்கிறார்கள். நானும் சில புத்தகங்கள் வாசித்துப் பார்த்தேன். ஆனால் இந்த வழக்கில் நான் நல்ல சாட்சி இல்லை. அந்தக் காசில் சோறு தின்றவன்.

கொழும்பில் காப்புறுதித் துறையில் நரை விழும்வரை இருந்துவிட்டு, படிப்புக்கும் அனுபவத்துக்கும் புள்ளிகள் கூட்டிப் பார்த்து விசா தருகிற அந்தக் காலத்தில் மனைவியோடு இங்கே வந்து இறங்கினேன். புள்ளிகள் தாராளமாகக் கிடைத்தன. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் ‘நியூசிலாந்து அனுபவம்’ இருக்கிறதா என்று கேட்டார்கள். விமான நிலையத்திலிருந்து கிளென்ஃபீல்டில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்த அனுபவம் மட்டும் இருந்தது. முதல் வருடம் முழுவதும் சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் கட்டி இழுத்தேன். பிறகுதான் இந்தக் கம்பெனியின் இழப்பீட்டுப் பிரிவில் தற்காலிகமாக ஓர் இடம் கிடைத்தது. கிறிஸ்துமஸ் வரைக்கும். அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் மனைவி யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவள். இங்கே முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை. நான் காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது அவள் வீட்டுக்கு வருவாள். வாசலில் சந்தித்துச் சாவியைக் கைமாற்றிக்கொள்வோம். அந்த வருடம் எங்கள் இல்லறம் பெரும்பாலும் வாசற்படியில்தான் நடந்தது. என் வேலை நிரந்தரமானால் அவள் இரவு வேலையை விட்டுவிடலாம். எங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

அந்தக் குளிர்காலத்தில், இங்கே அது ஜூன், ஜூலை, வெலிங்டனிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு இன சமத்துவத்தில் திடீரென்று பற்று வந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் அதற்கென்று ஒரு தொகை ஒதுக்கினார்கள். லிஃப்டுகளில் பல நிறக் கைகள் கோத்துக்கொண்டிருக்கும் சுவரொட்டி வந்தது. வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து எங்களை வட்டமாக உட்கார வைத்து, இந்தக் கட்டடத்தில் எங்கள் உணர்வு என்ன என்று கேட்டார். குளிராக இருக்கிறது என்றேன். மிக ஆழமான பதில் என்று பாராட்டினார். ஐந்து மணிக்கு மேல் கட்டடத்தைக் கூட்டித் துடைக்க வருகிற தொங்கா நாட்டுப் பெண்களின் உணர்வை அவர் கேட்கவில்லை. அவர்கள் வேறொரு கம்பெனியின் ஆட்கள். அவர்கள் வரும்போது அவர் போய்விட்டிருந்தார்.

அக்டோபரில் பணியாளர் பிரிவுப் பெண்மணி என் மேசைக்கு வந்தார். மிக நல்ல மனிதர். என் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்து, ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்ன முதல் நியூசிலாந்துக்காரர் அவர்தான். அதற்கு முன்பு கம்பெனியில் என் பெயரின் முதல் பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது. தீபாவளி வருகிறதே, பூசையை நீங்கள் நடத்தித் தருவீர்களா என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன், அம்மா, நான் கிறிஸ்தவன் என்று சொல்லியிருப்பான். நான் கொழும்பில் பழகியவன். அங்கே உத்தியோகம் நிரந்தரமாவதற்கு ஒரு வழி இருந்தது. மேலதிகாரி வீட்டு விசேஷத்தில் ஓடியாடி நிற்க வேண்டும். அவர் மகள் கலியாணப் பந்தியில் சொதி வாளி தூக்கிப் பரிமாறியவனை அவர் மறக்கமாட்டார். நானே இரண்டு கலியாணத்தில் தூக்கியிருக்கிறேன். ஆக்லாந்தில் மேலதிகாரிகள் தங்கள் மகள்மாரின் கலியாணத்துக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை. ஆகவே தீபாவளிதான் என் சொதி வாளி என்று கணக்குப் போட்டேன். ஓம், சந்தோஷமாகச் செய்கிறேன் என்றேன்.

அந்த மாடியில் இன்னொரு தமிழர் இருந்தார். மதுரைக்காரர், கணினி நிரல் எழுத ஒப்பந்தத்தில் வந்தவர். உண்மையான இந்து. அவரைத் தேடிப் போனேன்.

“சார், நீங்க கிறிஸ்டியன்தானே?”

“ஓம்.”

“அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டீங்க? சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாதா?”

“யோசிச்சுத்தான் தம்பி ஓம் எண்டனான். இனி நீர் செய்யுமன், நான் பக்கத்திலை நிக்கிறன்.”

“என்னைய அவங்க கேக்கவே இல்லையே சார். நான் இந்தக் கம்பெனி ஆள் கிடையாதாம். என்னையப் பூசாரியாக்கினா சமத்துவம் வேற கம்பெனி கணக்குல போயிடுமாம்.” அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “அதுவும் போக, எங்க வீட்ல தீபாவளின்னா எண்ணெய் தேச்சுக் குளிக்கிறது, வெடி, இட்லியும் கறிக்குழம்பும். பூஜையெல்லாம் எங்கம்மா டிபார்ட்மெண்ட்.”

“எங்கடை பக்கத்துச் சைவச் சனமும் அப்பிடித்தான். முழுகிப்போட்டு ஆட்டிறைச்சி. விளக்கெல்லாம் கார்த்திகைக்குத்தான்.”

“அப்ப அதையே செய்வோம் சார். எல்லாரையும் உக்கார வெச்சு எண்ணெய் தேச்சு விடுவோம்.”

இழப்பீட்டுப் பிரிவு மேலாளருக்கு நல்லெண்ணெய் தேய்ப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்துவிட்டு அந்த யோசனையைக் கைவிட்டோம். பணியாளர் பிரிவுப் பெண்மணி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வைத்திருந்தார். அதில் வரிசை வரிசையாக விளக்குகள் எரிந்தன. அப்படித்தான் வேண்டும் என்றார். மதுரைக்காரர் வேட்டியும் விபூதியும் தருவதாக ஏற்றுக்கொண்டார். குத்துவிளக்கை யாரிடமோ கேட்டு வாங்கி வந்தார்.

வீட்டில் சொன்னேன். மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலை வேதம் வாசிக்கிற ஆள், திங்கட்கிழமை ஒஃபீசிலை மணி கிலுக்கப் போறியளோ? பாஸ்டர் கேட்டால் என்ன சொல்லுவியள்?”

“வேலை எண்டு சொல்லுவன்.”

“வேலை எண்டால் என்னவும் செய்வியளோ?”

அவள் கால்கள் வீங்கியிருந்தன. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“சரி, சரி. வேட்டிக்கு மேலை பெல்ட் போடுங்கோ,” என்றாள். “உங்களுக்குக் கட்டத் தெரியாது.”

அடுத்த தடை கட்டடப் பாதுகாப்பு அதிகாரி வடிவில் வந்தது. தீக் காப்புறுதி விற்கிற கம்பெனி. தீயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அனுமதிக்கும். திரி கூடாது, கற்பூரம் கூடாது, ஊதுபத்தியும் கூடாது என்றார். தீபாவளியிலிருந்து தீபத்தை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்று நானும் மதுரைக்காரரும் யோசித்துக்கொண்டு நிற்க, பெண்மணி ஓடிப்போய்க் களஞ்சிய அறையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். கம்பெனியின் கிறிஸ்துமஸ் மரத்துக்குக் கட்டும் சின்ன மின்விளக்குச் சரம். அதைக் குத்துவிளக்கில் சுற்றினோம். சிவப்பும் பச்சையுமாக விட்டு விட்டு எரிந்தது. அன்றைய சடங்கில் எனக்கு முறைப்படி கையாளத் தெரிந்த ஒரே பொருள் அதுதான்.

மதிய வேளையில் எல்லாரும் கூடினார்கள். பெண்மணி சேலை உடுத்து, ஊசிகளின் பலத்தில் நின்றார். மதுரைக்காரர் என் நெற்றியில் விபூதி பூச வந்தபோது நான் பின்னால் சரிந்திருக்க வேண்டும். “நானே வெச்சு விடறேன் சார். பாவம் வந்தா என் அக்கவுண்ட்ல வரட்டும்,” என்று காதில் சொன்னார்.

இனிப் பிரார்த்தனை. இதில்தான் என் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. எனக்குத் தெரியாத தெய்வத்தைப் பொய்யாகக் கூப்பிடுவது அந்தத் தெய்வத்துக்கும் மரியாதை அல்ல, எனக்குத் தெரிந்த தெய்வத்துக்கும் மரியாதை அல்ல. இரண்டு பேரையும் கோபப்படுத்தாத ஒன்று வேண்டும். சிறுவயதில் ராகம் போட்டுப் பாடமாக்கிய பதினாறாம் வாய்ப்பாடு நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். பதினாறு ஒன்று பதினாறு. பதினாறு இரண்டு முப்பத்திரண்டு. குரல் நன்றாகத்தான் எழும்பியது. அறை அமைதியானது. ஏழுவரை ஓட்டமாகப் போய், எட்டில் தடக்கி நின்றேன். பெல்ட்டுக்குள்ளிருந்து வேட்டி மெல்ல நழுவிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

“நூத்தி இருபத்தெட்டு,” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது. மதுரைக்காரர் கைகூப்பி, கண்மூடி நின்றார்.

அது சபையார் சொல்ல வேண்டிய மறுமொழி என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். ஐம்பது அறுபது நியூசிலாந்துக் குரல்கள் பயபக்தியோடு “நூத்தி இருபத்தெட்டு” என்றன. ஒன்பதிலிருந்து நான் சொல்லச் சொல்ல, விடையை அவர் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பதினாறு பதினாறு வந்தபோது பெண்மணியின் கண்கள் கலங்கியிருந்தன. என் வாழ்நாளில் நான் நடத்திய வழிபாடுகளில் சபை இவ்வளவு ஒருமனப்பட்டது இதில் மட்டும்தான்.

வேட்டியைக் கையால் பிடித்தபடி, பெண்மணி வாங்கி வைத்திருந்த லட்டைப் பரிமாறினேன். மேலதிகாரிகள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் தேடினேன். கோட்டும் டையும் நிறைய இருந்தன, முகங்கள்தான் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடி என் சட்டைப்பையில், சட்டை கழிப்பறையில். போதும், எங்கள் மேலாளரும் பார்த்திருப்பார் என்று திருப்தியடைந்தேன்.

டிசம்பரில் வேலை நிரந்தரமாயிற்று. செய்தியை மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து, இனி இரவு வேலைக்கு வரமாட்டேன் என்றாள். வைத்துவிட்டு வந்து, “பகல் முழுக்க நித்திரை கொண்டு கொண்டு இந்த ஊர்ச் சூரியனை நான் இன்னும் வடிவாய்ப் பாக்கேல்லை,” என்றாள். அந்தக் கோடையில் ஒவ்வொரு பின்னேரமும் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தோம். பார்க்கத் தகுந்த சூரியன்தான்.

அதற்குப் பிறகு யார் கம்பெனிகளின் சமத்துவச் செலவைக் கண்காட்சி என்று திட்டினாலும் எனக்குப் பொறுக்காது. கண்காட்சிதான், நானே காட்சிப் பொருளாக நின்றவன். ஆனாலும் பாருங்கள், அவர்கள் அழைத்தார்கள், நான் ஆடினேன், வேலை கிடைத்தது என்று வாதாடுவேன். மதுரைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். “உங்க திறமைக்குக் கெடச்சது சார். வாய்ப்பாட்டுக்கு யாராவது வேலை குடுப்பானா?” என்பார். எனக்கு என் திறமையைவிட என் தீபாவளியில் நம்பிக்கை அதிகம்.

இரண்டு மூன்று வருடங்கள் கழித்து எங்கள் மேலாளர் ஓய்வு பெற்றார். அதிகம் பேசாத மனிதர். பிரியாவிடை நாளன்று, கையில் பியர் கோப்பையோடு ஜன்னலருகே தனியாக நின்றார். நன்றியை மனதில் வைத்துக்கொண்டே அனுப்பிவிடக் கூடாது என்று அருகில் போனேன். அன்றைக்கு என் தீபாவளிப் பூசையைப் பார்த்து வேலை தந்தீர்கள், என் மனைவி இரவு வேலையை விட்டது உங்களால்தான், நாங்கள் மறக்கமாட்டோம் என்றேன்.

“எந்தத் தீபாவளி?” என்றார்.

விளக்கிச் சொன்னேன்.

“ஓ, அதுவா. நான் அன்றைக்கு ஹாமில்டன் கிளையில் இருந்தேன்.” ஒரு மிடறு குடித்தார். “இரண்டு வருடமாக ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருந்தேன். தலைமை அலுவலகம் தரவில்லை. பிறகு திடீரென்று இந்தச் சமத்துவக் காசை அனுப்பினார்கள். எனக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவரொட்டி ஏற்கெனவே இருந்தது. நீ இருந்தாய், வேலையும் செய்தாய். உன்னை நிரந்தரமாக்குவதென்று உன் சம்பளத்தை அதில் எழுதிவிட்டேன். அது குளிர்காலத்திலேயே முடிந்த விஷயம். உன் தற்காலிகக் காலம் டிசம்பரில்தானே முடிந்தது, அதுவரை அவசரமில்லை என்று விட்டுவிட்டேன்.”

அப்படியானால் வேலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் வேட்டி கட்டியிருக்கிறேன். என் பெயரைச் சரியாகச் சொன்னவர், கண் கலங்கியவர், ஊசி குத்தக் குத்தச் சேலை உடுத்தவர் அந்தப் பெண்மணி. அவர் மனம் சுத்தமானது, ஆனால் அவர் எனக்குத் தந்தது லட்டு. சமத்துவம் என்ற சொல்லையே வேண்டாவெறுப்பாக உச்சரித்த இந்த மனிதர், ஆள் பற்றாக்குறைக்காக என் குடும்பத்துக்கு இரவுகளைத் திருப்பித் தந்திருக்கிறார். யாருக்கு எவ்வளவு நன்றி என்று பிரித்துப் பார்க்கிற கணக்கு எனக்கு எட்டாது. இரண்டு பேருக்கும் முழுவதாகவே வைத்திருக்கிறேன். அந்த இடத்திலும் நன்றி சொல்வதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படியிருந்தாலும் மிகவும் நன்றி என்றேன்.

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

“அந்தக் கொண்டாட்டச் செலவையும் என் பங்கிலேதான் வெட்டினார்கள்,” என்றார். “அது மட்டும் இல்லாவிட்டால் உனக்கு ஒரு ஒழுங்கான நாற்காலி வாங்கித் தந்திருப்பேன்.”