கற்கண்டின் கன்னப் பட்டை

சரவணம்பட்டியில் சத்தி ரோட்டை விட்டு இறங்கி, செங்கோட்டையன் தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் ஒரு தகரப் பலகை நின்றது. 'சிறுவர் குதிரையேற்றப் பயிற்சி, ஞாயிறு மட்டும்' என்று சிக்கந்தர் எழுதி நட்டது. அவன் மாரடைப்பில் போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகியும் பயிற்சி நிற்கவில்லை. அவன் மனைவி ஜன்னத் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஜன்னத் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் சேர்ந்து நின்றால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். ஊட்டியில் சிக்கந்தர் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், தண்ணீர் காட்டவும், தேய்த்துவிடவும், குளம்பைத் தூக்கிப் பார்க்கவும் பழகியிருந்தாள். குதிரையிடம் பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை என்பது அவளுக்குப் பெரிய வசதி.

ஞாயிறு காலை கணபதியிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். லேத் பட்டறை, மோட்டார் பட்டறை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள். இடத்துக்காரர் செங்கோட்டையனின் பேத்தி ரித்திகாவும் வருவாள். ஜன்னத் நடுவில் நின்று நீளக் கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். குதிரை அவளைச் சுற்றி நடக்கும். "முட்டியை ஒட்டி வை கண்ணு", "கீழ பாக்காதே", அவ்வளவுதான் அவள் பாடம். ஒன்பது மணிக்கு எல்லோரும் போய்விடுவார்கள். அப்புறம் ஆறு நாளும் கொட்டகையில் அவளும் இரண்டு குதிரைகளும்தான். சில வாரங்களில் புதன்கிழமை பால்காரர் வந்து ஏதாவது கேட்கும்போதுதான் தன் குரல் கரகரத்திருப்பது அவளுக்கே தெரியும்.

குதிரைகளில் ஒன்று ஊட்டியிலிருந்து வந்த கிழட்டுப் பெட்டை, ரோஸி. இன்னொன்று வெள்ளை. பிள்ளைகள் அதற்குக் கற்கண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தியூர் ஆடிச் சந்தையில் சிக்கந்தர் அதை வாங்கினான். அதன் இடது கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே மயிர் சுழித்திருந்தது. கண்ணீர்ச் சுழி. வாங்கியவன் வீட்டில் அழுகை நிற்காது என்று சந்தையில் ஒருவரும் அதைத் தொடவில்லை. சிக்கந்தர் சிரித்துக்கொண்டே ஓட்டிவந்தான். அடுத்த தை மாதம் பஸ் ஸ்டாண்டில் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தான்.

அந்தச் சாவை யாரும் சுழியோடு சேர்த்துப் பேசிவிடக் கூடாது என்பது ஜன்னத்தின் பயம். பேசினால் பிள்ளைகள் வரமாட்டார்கள். அதுமட்டுமல்ல, அந்தச் சுழியைப் பார்க்கும்போதெல்லாம் அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணபதியில் செருப்புத் தைக்கும் ஐயாசாமியிடம் சொல்லி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் பட்டை தைத்து வாங்கினாள். அதில் பித்தளைக் குமிழ்கள் வேறு. கடிவாளத்தோடு சேர்த்துக் கட்டினால் அலங்காரம் போலத் தெரியும். சுழி அடியில் போய்விடும். அலங்காரம் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. யார் எப்போது வருவார்களோ என்று அவள் அதைக் கழற்றுவதையே விட்டுவிட்டாள்.

தொண்ணூற்று நாலு சித்திரையில் வெயில் கொளுத்தியது. கற்கண்டு தலையைத் தலையை உதறியது. கொட்டகைத் தூணில் கன்னத்தைத் தேய்த்தது. பட்டைக்கு அடியில் வேர்வை ஊறித் தோல் உரிந்திருப்பதை ஜன்னத் வியாழக்கிழமையே பார்த்துவிட்டாள். ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். ஞாயிறு கழியட்டும், திங்கட்கிழமை கழற்றி வைத்துவிடலாம் என்று மறுபடியும் மாட்டினாள்.

அந்த ஞாயிறு ரித்திகா ஏறியிருந்தாள். நாலு சுற்று நன்றாகப் போயிற்று. ஐந்தாவது சுற்றில் அவள் குனிந்து, "சமத்து" என்று குதிரையின் இடது கன்னத்தில் செல்லமாகத் தட்டினாள். கற்கண்டு தலையை வீசிப் பக்கவாட்டில் துள்ளியது. பிள்ளை தரையில் கிடந்தாள். கை முறிந்துவிட்டது. வார் அறுந்து பட்டை மண்ணில் விழுந்தது.

பிள்ளையைக் கூட்டிவந்திருந்த மோட்டார் பட்டறை அரங்கசாமிதான் ரித்திகாவைத் தூக்கிக் காரில் படுக்கவைத்துத் தோட்டத்து ஆளோடு அனுப்பினார். திரும்பி வந்து குதிரையைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"அட! கண்ணீர்ச் சுழிங்க! ஏனுங்க அம்மணி, இதையா வெச்சிருக்கீங்க?"

சுழிக்குக் கீழே இருந்த புண்ணை ஜன்னத்தின் உள்ளங்கை, தொட்டும் தொடாமலும், எப்போதோ போய் மறைத்திருந்தது. குதிரையைச் சாந்தப்படுத்துகிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

"உங்க ஊட்டுக்காரரையும் இதுதான் கொண்டுபோயிருக்கு. இப்ப புள்ளைய கீழ உழுத்தாட்டிப்போட்டது" என்றார் அரங்கசாமி. "பாவம், நீங்க என்னங்க பண்ணுவீங்க."

எல்லோரும் அப்படியே சொன்னார்கள். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. இரண்டு நாளில் குதிரைத் தரகர் கோவிந்தராஜுலு வந்தார்.

"அரங்கசாமிதான் அனுப்பிச்சாருங்க. வெள்ளைய என்கிட்ட உட்டுருங்க. ரெண்டு மாசத்துல சுழி சுத்தமா ஒண்ணு புடிச்சுத் தாரேன். புள்ளைக எல்லாம் பழையபடி வந்துருவாங்க."

"இதை எங்கீங்க கொண்டு போவீங்க?"

"சுழி கெட்டதை எவன் ஊட்டுல கட்டுவான்? கல்லு மண்ணு இழுக்கற எடத்துக்குத்தான். அதுக்குப் போயி விசனப்படறீங்களே! வெள்ளிக்கெழமை வாரேன்."

ஜன்னத் தலையாட்டிவிட்டாள். அது சம்மதமா இல்லையா என்று கோவிந்தராஜுலு பார்க்கவில்லை. இத்தனை வருஷமாகப் பேசாமல் இருந்தே அவளுக்கு எல்லாம் நடந்திருக்கிறது. இன்னும் மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் இதுவும் நடந்துவிடும். பயிற்சி பிழைத்துவிடும். பழி குதிரையோடு போய்விடும்.

வியாழன் காலை செங்கோட்டையன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் மனைவி காளியாத்தாள் வெளியே வந்து, "உள்ள வாங்க அம்மணி, புள்ளைக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்குது, தூங்கறா" என்றாள். ஜன்னத் உள்ளே போகவில்லை.

செங்கோட்டையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னுங்க அம்மணி? குதிரைய அனுப்பறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"சுழி இல்லீங்க ஐயா." அவள் வாசற்படியைப் பார்த்தே சொன்னாள். "பட்டைக்கடியில புண்ணுங்க. சுழி தெரியக் கூடாதுன்னு நாந்தான் பட்டையக் கழட்டாம வெச்சிருந்தேன். புண்ணையும் பாத்தேன். பாத்துட்டேதான் பாப்பாவ ஏத்துனேன்."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு, "சுழின்னே இருந்திருந்தா ஆரும் உங்களைய ஒண்ணுஞ் சொல்லியிருக்க மாட்டாங்களே" என்றார்.

"தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்கு வந்து சொல்றீங்க?"

"நான் சொல்லலீன்னா வேற ஆரு சொல்லுவாங்க? குதிரைக்கு வாயா இருக்குதுங்க?"

"எங்க ஊட்டு எருதுலயும் சுழி கெட்டது இருந்துதுங்க. பதினாலு வருசம் உழுதுச்சு" என்றார் அவர். "சுழியப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புண்ணு இருக்கற உசுரு மேல எம்பேத்திய ஏத்திப்போட்டீங்களே." குரல் உயரவேயில்லை. "எடத்தை வெச்சுக்குங்க. புள்ளைய இனி அனுப்ப மாட்டனுங்க."

அவள் பாதி தூரம் வந்தபிறகு காளியாத்தாள் பின்னாலேயே ஓடிவந்து ஒரு புட்டியை நீட்டினாள். வேப்பெண்ணெய். "ஈ மொய்க்காம தடவி உடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை கோவிந்தராஜுலு வெறுங்கையோடு போனார். செய்தி கணபதிக்கும் போயிற்று. சுழியை மன்னித்தவர்கள் இதை மன்னிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஜன்னத் இரண்டு குதிரைக்கும் சேணம் பூட்டி பாதையைப் பார்த்து நின்றாள். சத்தி ரோட்டில் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி வேகம் குறைந்தது போலிருந்து, போய்விட்டது. ஒன்பதுக்குச் சேணத்தை இறக்கினாள்.

அதற்கப்புறம் பலகையைப் பார்த்துப் புதிதாக எப்போதாவது யாராவது வருவார்கள். பிள்ளை குதிரையைத் தொடுவதற்கு முன்னாலேயே ஜன்னத் சொல்லிவிடுவாள். "ஒரு புள்ள இதுமேல இருந்து உழுந்து கை ஒடிஞ்சுருச்சுங்க. புண்ணைக் கவனிக்காம ஏத்தினேன். தப்பு என்னோடதுங்க." அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்ல ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வேர்த்துவிடும். கேட்டவர்கள் மரியாதையாகவே, "செரிங்க, வாரமுங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொள்வார்கள். புரட்டாசி வரைக்கும் ஐந்து பேர் அப்படித் திரும்பினார்கள்.

ஐப்பசியில் ஒரு பெண் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்தாள். பெருந்துறையில் இருந்து புதிதாகக் குடிவந்தவளாம். ஜன்னத் சொன்னதை முழுக்கக் கேட்டாள். மகளின் கையை விடவில்லை. திரும்பியும் போகவில்லை.

"இப்ப ஆறிருச்சுங்களா?"

"ஆறிருச்சுங்க."

"எங்க, காட்டுங்க பாக்கலாம்."

ஜன்னத் கற்கண்டின் இடது கன்னத்தை, சுழியும் தெரிய, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.