பக்கி வந்து உட்கார்ந்த வேளை

எங்கள் ஊரில் பக்கி என்றால் இரண்டு. ஒன்று, பொழுது சாய்ந்ததும் மண்பாதையில் வந்து உட்காரும் சருகு நிறப் பறவை. மிதிக்கப் போனால்தான் எழும். இன்னொன்று, சோத்துக்கு அலைகிற ஆளைத் திட்டும் வார்த்தை. உத்திரமேரூர்ப் பக்கம் இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை, என்னைப் பெண் பார்க்க வந்த நாள்வரை.

மாப்பிள்ளை வீட்டார் ஓரிக்கைக்காரர்கள். வண்டி கட்டிக்கொண்டு வந்து சேரவே பொழுது சாய்ந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடம் என் வாய்த்துடுக்கால் தட்டிப் போயிருந்ததால், வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துத் தொலைத்துவிட்டது. காபி டம்ளரை வாங்கும்போது அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார், பாவம்.

மாப்பிள்ளையின் அம்மா இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே அண்ணனும் அண்ணியும் வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா, பக்கி வந்துச்சா?" இது அண்ணி.

"வந்து குந்திக்கினு கீது. வாயப் பாரு, காதுமுட்டும் கீது. எவ்ளோ துன்னாலும் அடங்காது."

பஜ்ஜி தட்டுக்குத் திரும்பியது. "கெளம்பலாம்," என்று எழுந்தார் அந்தம்மா. "வூட்டுக்கு வந்தவங்கள இப்டியா பேசுவாங்க?"

நைனா சமாதானம் சொல்லப் போனார். "அது தெனம் வரதுதாம்மா. வெரட்டினாலும் போவாது."

தீர்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தே, உங்கள சொல்லல, குருவிய சொன்னாங்க. நம்பலன்னா வந்து பாருங்க." அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்க கீது? வெறும் மண்ணுதான கீது," என்று அவர் காலை வைத்தார். காலடி மண் படக்கென்று எழுந்து பறந்தது. அவர் அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

விட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கும் வாய் கம்மியில்ல."

இந்த இடமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அவர் வாசல் வழியே உள்ளே பார்த்தார். இத்தனை கலவரத்திலும் அவர் கணவரும் மகனும் டம்ளரும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"தட்ட மாத்திக்கலாம்," என்றார் நைனாவிடம். "அப்பனும் புள்ளையும் ஊமக்கோட்டான் மாரி குந்திக்கினு கீறாங்க பாருங்க. இத்தினி வருசமா நான் சொவுத்துகிட்டதான் பேசிக்கினு கீறேன்."