திரையில் வெனிங்கின் பெயர்

எங்கள் ஊர் சலாத்திகாவில் திங்கள், வியாழன் நோன்பிருப்பவர்கள் நிறைய. வெனிங் அந்த இரண்டு நாளும் போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறாள்.

புளித்த சோயாக் கட்டியான டெம்பே விற்கும் என் கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள் அவள். கொரிய நாடகங்களுக்குத் திரையின் அடியில் எங்கள் மொழியில் வசனம் எழுதிப் போடுவதில் பைத்தியம். சம்பளம் கிடையாது. இந்த வேலை செய்கிறவர்கள் முதல் காட்சியில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வார்கள், கூலியே அதுதான். மற்றவர்கள் புனைபெயர் வைப்பார்கள். இந்த மண்டு முழுப் பெயரோடு ஊரையும் போட்டாள்.

அந்த எழுத்தை வைத்துத் திருட்டுத் தளம் ஒன்று கொழுத்தது. போலீஸ் வந்தபோது தளத்தின் முதலாளி அகப்படவில்லை. தளம் ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறதாம், அங்கே எழுதிப் போட்டால் பதிலே வராதாம். ஒரு பெயரை முடக்கினால் மறுநாள் வேறு பெயரில் திறந்துவிடுகிறான். அகப்பட்டவள் வெனிங் மட்டும். "இனி ஒரு வரி எழுதினாலும் உள்ளதான்" என்று எச்சரித்து அனுப்பினார் விசாரணை அதிகாரி ஹர்யோ.

அவள் நிறுத்திவிட்டாள். ஆனால் போன வாரம் புது நாடகம் ஒன்று அவள் பெயரோடு வந்தது. அந்தப் பெயர் இருந்தால்தான் ஜனம் பார்க்கிறது என்று தளத்துக்காரனுக்குத் தெரியும்.

நானும் பார்த்தேன். மாமியார் மருமகளைப் பார்த்து, "தாங்கள் உணவு உட்கொண்டீர்களா?" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெனிங் வசனம் எழுதிய மாமியாராக இருந்தால், "கொட்டிக்கிட்டியா?" என்றல்லவா கேட்டிருப்பாள்!

வியாழக்கிழமை அவளோடு நானும் நிலையத்துக்குப் போனேன். ஹர்யோ கைப்பேசியை நீட்டினார்.

"இது யாரு பேரும்மா?"

"என் பேருதான் சார். எழுத்து என்னோடது இல்ல."

"எல்லாரும் இதத்தான் சொல்வாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இவ எழுதின அத்தனையும் நான் பாத்திருக்கேன். இது இவ எழுத்தே இல்ல. எழுதிக்கோங்க, நான் சாட்சி."

"திருட்டுப் படம் பாத்தேன்னு ஸ்டேஷன்ல வந்து சொல்றீங்களே அக்கா, தைரியந்தான்!"

"என்னைப் புடிச்சு உள்ள போடுங்க. தெருவே கூட வரும்."

அவர் சிரித்தார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்லயும் நேத்து இதையேதான் சொன்னாங்க. 'இது வெனிங் இல்லைங்க, பேச்சுல உப்பே இல்ல'ன்னு."

வெனிங் நிமிர்ந்தாள். "அப்ப உங்களுக்கே தெரியும்ல சார்?"

"தெரியும். அதை எப்படிம்மா எழுதுவேன்? என் பொண்டாட்டியச் சாட்சின்னு போடவா?" கையெழுத்துப் போடும் தாளை அவள் பக்கம் தள்ளினார். "மேல கேப்பாங்க. திரையில இருக்கிற பேரு உன்னோடது. அந்தத் தளத்துக்காரன் பேரு யாருக்கும் தெரியாது."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

"திங்கக்கெழம வந்துரு" என்றார் ஹர்யோ.