சத்தம் போடும் டயர்

சங்கரன்கோவில் டயர் கடையில் என் ஹைபிரிட் காருக்கு மைலேஜ் தரும், சத்தம் குறைந்த டயர்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதே மாதிரிக் காரில் வந்திருந்த பெரியவர் ஒருவர், பித்தான்களை மாற்றிப் போட்ட சட்டையோடு, ஒவ்வொரு டயராகத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கதுலயே சத்தம் போடுத டயரா தாரும்வே."

"மைலேஜ் குறையும் அண்ணாச்சி," என்றார் கடைக்காரர்.

"குறையட்டும்!" என்று கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது.

ஏன் என்று கேட்டேன். அவர் குரல் இறங்கியது.

"பேட்டரில ஓடும்போது இந்த வண்டி சத்தமே போடாது. நேத்து ரிவர்ஸ் எடுக்கேன், பின்னால வீட்டுக்காரி குனிஞ்சு வத்தல் காயப்போட்டுட்டு இருக்கா. ஒரு சாண்தான் பாக்கி."

மெதுவாக ரிவர்ஸ் எடுக்கும்போது டயர் சத்தம் அந்த அம்மாவுக்குக் கேட்குமா? எனக்கு இன்னும் தெரியவில்லை. என் வண்டி தயாரானதும் ஏறிப் பட்டனை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.