பதினொரு குடும்பங்கள்

எங்கள் வீட்டில் பதினொரு பேர். திருப்பதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கூப்பன் காட்டினால் எண்ணெய் பாக்கெட் பாதி விலை. ஆனால் குடும்பத்துக்கு ஒன்றுதான். நாகலாபுரத்தில் பஸ் ஏறும்போதே நைனா சொல்லிவிட்டார்: "உள்ள போனா யாரும் யாருக்கும் சொந்தம் கெடையாது. புரிஞ்சுதா?"

ஆளுக்கொரு கூப்பனுடன் பில் வரிசையில் தள்ளித் தள்ளி நின்றோம். அம்மா வழக்கம்போலச் சித்தியைத் தனக்கு முன்னால் விட்டாள். பின்னால் நின்ற நைனா கத்தினார்: "ஏம்மா, நாங்க இன்னா வேலையில்லாமயா நின்னுக்கினு கீறோம்?"

அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "யோவ், அத்த கேக்க நீ யாருய்யா?"

கூட்டம் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டது. காவலாளி நைனாவின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். எங்களைக் கடக்கும்போது நைனா ஒருவரையும் பார்க்கவில்லை. நாங்களும் பிஸ்கட் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பும் பஸ்ஸில் பத்து பாக்கெட்டும் எங்கள் மடியில் இருந்தன. நைனா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் எங்களைக் காட்டி அவரிடம், "எல்லாம் ஒரே குடும்பமா?" என்று கேட்டார்.

"அவங்க ஒரு குடும்பம். நான் வேற" என்றார் நைனா.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்த வேறு குடும்பத்துக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்கினாள்.