நாக்கு நீட்டும் பசை

மும்பையில், செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே காய்கறி விற்கும் பாண்டுரங் என்னை ‘அச்சார்வாலி மேடம்’ என்றுதான் கூப்பிடுகிறார். ஊறுகாய்க்காரி. வந்த புதிதில் அவர் கடையில் கொத்தவரங்காயை எடுத்து ஒடித்து, விதையைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, வாங்காமல் போவேன். எங்கள் தெற்குச் சீமையில் அது சீனி அவரைக்காய், இங்கே கவார். ஒருநாள் மனுஷர் பொறுமையிழந்து, வாங்காதவள் ஏன் ஒடிக்கிறாய் என்று ஹிந்தியில் கேட்டார். இதன் விதைதான் எங்கள் கம்பெனியில் நாள் முழுக்க எனக்கு வேலை என்று என் ஓட்டை ஹிந்தியில் சொன்னேன். “அச்சா, அச்சார் கம்பெனி” என்று முகம் மலர்ந்தார். திருத்தப் போய், பூமிக்கு அடியில், பாறைக்குள், எண்ணெய் என்று கையை ஆட்டி விளக்கினேன். எண்ணெய் என்றதும் ஊறுகாய்தான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. விட்டுவிட்டேன். இந்த ஊரில் எனக்கென்று ஒருவர் வைத்த பெயர் அது ஒன்றுதான். அதையும் கெடுத்துக்கொள்வானேன்.

ஊரில் இருப்பவர்களுக்கும் என் வேலை புரிந்ததாகச் சொல்ல முடியாது. எண்ணெயும் எரிவாயுவும் சில இடங்களில் இறுகிய பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கும். கிணறு தோண்டி, மணல் கலந்த திரவத்தைப் பேரழுத்தத்தில் செலுத்தினால் பாறை விரியும். மணல் அந்த விரிசலில் முட்டுக்கொடுத்து நிற்கும். மணலைச் சுமந்துபோகத் தண்ணீரால் முடியாது, கொழகொழப்பான பசை வேண்டும். அதற்குத்தான் கொத்தவரை விதை மாவு. கிணற்றின் அடிச்சூட்டில் அந்தப் பசை இளகிவிடும் என்பதுதான் தொல்லை. மாவைக் கூட்டினால் பசை தாங்கும், ஆனால் சக்கை பாறையின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். எனவே சாதாரண மைக்ராஸ்கோப்புக்கே சிக்காத நானோ துகள்களைக் கலக்கிறோம். ஒவ்வொரு துகளும் மாவின் நீண்ட இழைகள் பலவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் மாவே போதும், சூட்டையும் தாங்கும். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் மூச்சுப்பிடித்துச் சொன்னேன். கேட்டு முடித்த என் கொழுந்தன், “அப்ப பூமியப் பொளக்குற வேலைன்னு சொல்லுங்க மைனி” என்றான். நான் பசை மட்டும்தான் காய்ச்சுகிறேன் என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

பசை பதமாகிவிட்டதா என்று பார்க்க எத்தனையோ இயந்திரங்கள் இருந்தாலும், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். பீக்கரை மெல்லச் சாய்ப்போம். பதம் தப்பிய பசை கொட்டிவிடும். நல்ல பசை விளிம்பைத் தாண்டி ஒரு நாக்கைப் போலத் தொங்கும். பீக்கரை நிமிர்த்தினால் முழுசாக உள்ளே போய்விடும். குழந்தைகள் பழிப்புக் காட்டுவது மாதிரி இருக்கும். முதல்முறை பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் கூடச் சிரிக்க ஆளில்லாததால் உடனே நிறுத்திக்கொண்டேன்.

இப்போது ஆள் இருக்கிறது. லேப் டெக்னீஷியன் அந்தோணி தாராவியில் பிறந்து வளர்ந்தவன், முப்பத்தைந்து வயதுக்காரன். தாத்தா காலத்தில் வந்த குடும்பம். தமிழ் எழுத்து தெரியாது. பேசினாலோ எங்கள் திருநெல்வேலியே எதிரில் நிற்கும். இந்தக் கோடையில் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, வாங்க வருகிறவர்கள் முன்னால் புதுப் பசை சூட்டைத் தாங்கிக் காட்டினால்தான் லேப் நடக்கும், இல்லையென்றால் மூடிவிடுவோம் என்றார். அன்று வீட்டுக்கு வீடியோ காலில் சொன்னேன். என் கணவர் அங்கே பள்ளி ஆசிரியர். வேலையை விட்டு வரமுடியாது. என் படிப்புக்கு அந்தப் பக்கம் வேலை கிடையாது. லேப் மூடினால் நான் வீட்டுக்குப் போய்விடலாம், அவ்வளவுதான் கணக்கு. அவர் பைபிளை எடுத்தார். குடும்ப ஜெபம் தொடங்கியது. ஆறாவது படிக்கும் என் மகள் ஜெனி கண்ணை இறுக மூடிக்கொண்டு, “இயேசப்பா, அம்மா செய்ற டெஸ்ட் ஃபெயிலாவணும்” என்றாள். “ஏட்டி, அப்படிலாம் ஜெபம் பண்ணக்கூடாது” என்று அவர் கண்டித்தார். கண்டித்தாரே தவிர, ஆமென் மட்டும் குறைவில்லாமல் சொன்னார்.

மறுநாள் அந்தோணி உற்சாகமாக வந்தான். “எம்பொண்டாட்டி மாதா கோயில்ல மெழுவர்த்தி கொளுத்திட்டு வந்திருக்காக்கா, பாஸாவணும்னு. டென்ஷன் எடுக்காதிய.”

“மூடிட்டா என்ன அந்தோணி, வேற வேல கிடைக்காதா?”

“ஒங்களுக்குப் போறதுக்கு ஊருன்னு ஒண்ணு இருக்கு. எனக்கு இதாங்க்கா ஊரு. இங்கேந்து நா எங்க போவேன்?”

ஒரு பக்கம் என் பிள்ளையின் ஜெபம், மறு பக்கம் இவன் மனைவியின் மெழுகுவர்த்தி. பரலோகத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அறைக்குப் போய் அழுதேன்.

சோதனை அன்று பிற்பகல், பசையைச் சூடேற்றும் இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் நான் தனியாக நின்றேன். ஒரு சொட்டு அமிலம் போதும், துகள்களின் பிடி விட்டுப்போகும், பசை தண்ணீராகிவிடும். யாருக்கும் தெரியாது. அமிலக் குப்பி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மனதார ஆசைப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தோணி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, விருந்தாளிகள் உட்கார நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த நாற்காலியையே மறுபடியும் துடைத்தான். நான் பசையை அப்படியே ஏற்றினேன்.

பசை தாங்கியது. வந்தவர்கள் கைகுலுக்கினார்கள். அந்தோணி என் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துவிட்டு, வீட்டுக்குச் சொல்ல வெளியே ஓடினான். எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு லேபில் நான் மட்டும். கொஞ்சம் பசை பீக்கரில் மீந்திருந்தது. அதைப் பழக்கத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஜெனி.

“என்னம்மா ஆச்சு?”

“பாஸாயிட்டு மக்கா.”

அழுவாள் என்று நினைத்தேன். என்னென்ன சமாதானம் சொல்லலாம் என்று ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வருவேன், பரீட்சை லீவில் நீ இங்கே வா, கடல் பார்க்கலாம். அவள் அழவில்லை.

“சரிம்மா. சாப்ட்டியா?”

தினமும் நான் அவளிடம் கேட்கும் கேள்வி. பெரிய மனுஷி போல, என் குரலிலேயே கேட்டாள்.

“சாப்ட்டேன்” என்று பொய் சொன்னேன்.

“ஹோம்வொர்க் இருக்கு. வச்சிரட்டா?”

வைத்துவிட்டாள். ஃபோனைக் காதிலிருந்து எடுக்க எனக்குக் கொஞ்ச நேரமானது. அப்புறம்தான் பார்த்தேன், பீக்கர் இன்னும் என் இடது கையில் சாய்ந்தே இருந்தது. பசை விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, கீழே விழவில்லை. நிமிர்த்தினால் உள்ளே போய்விடும், எனக்குத் தெரியும். நிமிர்த்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.